ருத்ரசேனரின் மூன்றாம் அத்தியாயம்

மூன்றாவது சொட்டும் விழுந்துவிட்டது. நர்ஸ் பெண் கீழிமையை இழுத்துப் பிடித்து இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டு, "தொறக்கக் கூடாதும்மா, பாப்பா நல்லா விரியணும், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். பாப்பா என்றால் கண்ணுக்குள் இருக்கும் பாப்பா. முதல் சொட்டின்போது எனக்கு அது விளங்காமல் எந்தப் பாப்பா என்று கேட்டுவிட்டேன், வரிசையில் யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண்ணில் விட்டது மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கிறது. அறுபத்திரண்டு வயதில் இப்போதுதான் தெரிகிறது கண்ணுக்கும் தொண்டைக்கும் வழி இருக்கிறதென்று. பக்கத்தில் என் வீட்டுக்காரர் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஃபைலின் ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து விடுகிறார், சத்தம் கேட்கிறது. அவருக்குப் பயம். எனக்கும்தான். பதினொரு நாளைக்கு முன்னால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது இடது கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்பு நூல் மிதந்தது. கையால் விலக்கினேன், கையோடு வரவில்லை. பார்வை போகிற பக்கமெல்லாம் அதுவும் போனது. இரண்டு நாளில் நூல் கொசுக்கூட்டம் மாதிரி ஆனது. பதினான்கு வருஷத்துச் சர்க்கரை. கண்ணாடிக் கடையில் இருந்த டாக்டர் ஒரு விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பைக் காட்டுங்க என்றார். நரம்பு என்று சொன்னதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம், படிக்க முடியாமல் போனால் என்ன செய்வது, எழுத முடியாமல் போனால் என்ன செய்வது. நடக்க முடியாமல் போகும் என்றால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். எழுதாமல் ஒரு பொழுது சாய்வது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போய்விட்டது. முப்பத்தெட்டு வருஷம். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நோட்டுகள். யாராவது கேட்டால் வீட்டுக் குறிப்பு என்பேன். ஒரு மந்திரவாதி சொல்லி எழுத ஆரம்பித்தது என்று எப்படிச் சொல்வது.

மந்திரவாதி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ருத்ரசேனர். தந்தியாபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்தபோது அவர் பெயர் ஏகாம்பரம். பதினேழு புத்தகம் எழுதினார், அதில் நாலு இங்கிலீஷில், அதைப் படித்துவிட்டு வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வந்து அவர் நடத்திய சுடர்ச் சபையில் சேர்ந்தார்கள். சிவப்பு அங்கி, கையில் வாள், நாலு திசைக்கும் நாலு விளக்கு, சாம்பிராணிப் புகை, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்தப் படம்தான் இருக்கும். சினிமாவில் வருகிற மந்திரவாதிகள் எல்லோரும் அவர் தாடியைப் பார்த்துத்தான் தாடி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். பத்திரிகைகள் மோசடிக்காரர் என்று எழுதின. அவர் கட்டிய மனைவிகள் இரண்டு பேரும் அவரை விட்டுப் போனார்கள், அதில் நியாயம் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எங்கள் உறையூரில் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அந்த ஆளுடைய புத்தகம் என் கைக்கு வந்தது வாடகை நூல் நிலையத்தில். என் வீட்டுக்காரர் துப்பறியும் கதை விரும்பிப் படிப்பார், வாரத்துக்கு இரண்டு, எடுத்து வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாசம். மேல்தட்டில் கறுப்பு அட்டை போட்டு ஒன்று இருந்தது, மண்டலப் பிரவேசம். நூல் நிலையக்காரர் அதை எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இது யாருக்கும்மா, சாருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "சாரை ஜாக்கிரதையாப் படிக்கச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். பொருளடக்கத்தை அங்கேயே நின்று பார்த்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயம், எதிரியை அழித்தல். அதற்காகத்தான் எடுத்தேன். அந்த எதிரி இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது எனக்கு இருபத்துநாலு. கல்யாணமாகி நாலு வருஷம், இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. இவர் தனியார் பஸ் கம்பெனியில் செக்கராக இருந்தார், காலையில் போனால் நாலு மணிக்கு மேல்தான் வருவார், வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் அன்றைக்கு நான் செய்த குற்றத்தைச் சொல்லியிருப்பார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கடைசிவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன். இவர் அதிகம் பேசமாட்டார். கைதான் பேசும். இடது காதில் இன்றைக்கும் எனக்கு ஒரு ரீங்காரம் உண்டு, அமைதியான இடத்தில் கூடும், இதோ இப்போது கண்ணை மூடியிருப்பதால் நன்றாகவே கேட்கிறது. ஆகவே ஒன்பதாம் அத்தியாயம். ஆனால் ஒன்பதைத் திறந்தால் முதல் வரியே, மூன்றாம் அத்தியாயத்தின் நாற்பத்தெட்டு நாளை முடிக்காதவன் இந்தப் பக்கத்தைத் தொட்டால் அது அவனையே திருப்பித் தாக்கும் என்று இருந்தது. பயந்துபோய் மூன்றுக்கு வந்தேன். மூன்றாம் அத்தியாயம் ஆறே பக்கம். ஒரு தனி இடம் தேடிக்கொள். தரையைப் பெருக்கித் துடை. சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போடு, இடம் சிறியதானால் வட்டமும் சிறியதாகட்டும், ஆனால் கோடு சேரவேண்டும். தினம் ஒரே நேரத்தில் உள்ளே போய் உட்கார். உன்னைத் தவிர எந்த உயிரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. எதையும் வேண்டாதே, எதையும் உச்சரிக்காதே, நாற்பது நாள் சும்மா உட்கார். தனி இடம் என்ற சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பிறந்த வீட்டில் ஏழு பேர், ஓர் அறை. இங்கே என் புடவைகூட அத்தை பெட்டியில்தான் இருந்தது. எனக்கென்று ஒரு முழம் இடம் இருக்கலாம் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. சிவப்பு அங்கி போட்ட ஒரு ஆள் அச்சில் போட்டுச் சொல்கிறான், எந்த உயிரும் தாண்டக் கூடாது. மொட்டைமாடியில் விறகு போட்டுவைக்கத் தகரக் கூரை போட்ட ஒரு இடம் இருந்தது, காஸ் வந்த பிறகு அங்கே விறகு இல்லை, பூனைகூட வராது. விறகுத் தூளைக் கூட்டி அள்ளினேன். ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன். காலை மடக்கி உட்கார்ந்தால் முழங்கால் கோட்டில் படாத அளவுக்கு ஒரு வட்டம். மாலை ஆறு மணி. முதல் நாள் உள்ளே உட்கார்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை, தகரம் சூடு இறங்கிப் படக் படக்கென்று சத்தம் போட்டது, அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

அந்த ஆறு பக்கத்தில் கடைசிப் பக்கம் குறிப்பேட்டைப் பற்றியது. வட்டத்தைவிட்டு எழுவதற்கு முன் எழுதவேண்டும். தேதி, மணி, வானத்தின் நிலை, உடம்பின் நிலை, அன்று நடந்தவை. நடந்ததை நடந்தபடி. எழுதியதை அழிக்காதே. பொய் எழுதுகிறவனுக்கு வட்டம் காவல் தராது. பிறகு ஒரு வரி, அது எனக்கு இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் தெரியும், எவரைப் பற்றியும் அடைமொழி சேர்க்காதே. எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு அடைமொழி என்றால் என்ன என்று தெரியும், ஆனால் அது இல்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று முதல் நாள்தான் தெரிந்தது. பாவி என்று எழுத வந்த கை நின்றது. சண்டாளி என்று எழுதப் போய் நின்றது. அதையெல்லாம் எடுத்துவிட்டால் எழுத என்ன மிச்சம் இருக்கிறது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிச்சம் இருந்ததை எழுதினேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது. தட்டு சுவரில் பட்டு விழுந்தது. வலது கையால் இரண்டு அடி. காது அடைத்திருக்கிறது. மேற்கே மேகம். அவ்வளவுதான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அது எனக்கு நடந்ததாகவே இல்லை, யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்திருக்கிறது, அவள் பாவம், அவளுக்கு யாராவது ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. என்னைப் பார்த்து எனக்கே இரக்கம் வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் எனக்கு என்மேல் வெட்கம் மட்டும்தான் இருந்தது. இருபத்துமூன்றாம் நாள் அத்தை மாடியேறி வந்தார். பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கவேண்டும். "என்னடி பண்ற இங்க, விளக்கு வைக்கிற நேரத்துல?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர் தகரக் கூரைக்குள் தலையை நீட்டினார். வட்டத்தைப் பார்த்தார். நடுவில் கறுப்பு அட்டைப் புத்தகம், அதன்மேல் நோட்டு, நான். என்னை இழுப்பதற்குக் காலைத் தூக்கினார், தூக்கிய கால் கோட்டுக்கு மேலே நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை, நாற்பது நாள் வட்டத்துக்குள் வாய் திறக்கக் கூடாதே, அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் பின்னால் போனது. மெல்லப் படி இறங்கிய சத்தம் கேட்டது. அத்தை அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார், ஒருநாளும் மாடியேறவில்லை. வடகம் காயப்போடவும் என்னைத்தான் அனுப்புவார், அனுப்பும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். அடுத்த வாரத்திலிருந்து இவர் கையும் நின்றது. சொல்லிவைத்து நிறுத்தியதுபோல நின்றது. சாப்பாட்டில் குற்றம் இருந்தால் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போவார். வட்டம் காவல் தந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவும் பிள்ளையும் என்னைக் கண்டு பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பயத்தின்மேல்தான் நான் வீடு கட்டிக்கொண்டேன்.

"இன்னும் ஒரு சொட்டும்மா" என்று அந்தப் பெண் திரும்ப வந்துவிட்டாள். விரல் குளிர்ச்சியாக இருக்கிறது. இமைக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம், அதில் கறுப்புக் கொசுக்கள். கண்ணை மூடினாலும் தெரிகிறதே, இது என்ன. டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன சொல்வேன், சரி என்று சொல்வேன், வேறென்ன. நினைப்பு திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போய் முட்டுகிறது, வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறேன், கொஞ்சதூரம் வந்துவிட்டு அங்கேயே ஓடிப்போகிறது. நாற்பத்தொன்றாம் நாள். புத்தகப்படி அன்றைக்கு விளக்கேற்றிக் கண்ணாடியை முன்னால் வைத்து அழைக்கவேண்டும், எட்டு நாள் அழைத்தால் நாற்பத்தெட்டில் வரும், வந்ததும் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறக்கலாம். விளக்கேற்றினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு நாளும் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. கொட்டாவி வந்தது. கொசு வந்தது. நாற்பத்தெட்டாம் நாள் குறிப்பில், வானம் தெளிவு, உடம்பு சுகம், ஒன்றும் வரவில்லை என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மறுநாள் நூல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்தபோது ஒன்பதாம் அத்தியாயத்தின் நினைவே எனக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்த பிறகுதான் அட என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை. நோட்டை மட்டும் விடவில்லை. மூன்று வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பத்தாவது எழுதித் தேறினேன். பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் நகல் எடுக்கும் வேலைக்குப் போனேன், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவர் "எங்கம்மா பழகினீங்க, ஒரு சொல்லு அதிகம் இல்லாம எழுதுறீங்க" என்றார். வீட்டில்தான் என்றேன். பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சம்பளத்தில் மகள் படித்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஆறு பக்கம் இருந்தது. அந்தப் புத்தகத்தில் மீதி இருநூறு பக்கமும் எனக்கு இன்றுவரை விளங்காது. அதனால் என்ன.

நன்றி சொல்லவேண்டும் என்று ஒருமுறை ருத்ரசேனரைத் தேடிப் போனேன். தொண்ணூற்றொன்பதில், மெட்ராஸில் ஒரு கல்யாணம், வீட்டுக்காரரிடம் என் பெரியம்மா மகள் வீடு என்று சொல்லிவிட்டு அயனாவரத்தில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். மாடிப் போர்ஷன், படியெல்லாம் ஈரம். அங்கி இல்லை, வாள் இல்லை. கைவைத்த பனியன், தாடி பாதிக்குமேல் உதிர்ந்திருந்தது, எண்பது தாண்டிய கிழவர் கிண்ணத்தில் மோர்சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். நான் மலைவாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். ஐயா, உங்க மண்டலப் பிரவேசம் படிச்சேன் என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எத்தன நாள் உக்காந்தீங்க?" "நாப்பத்தெட்டும் உக்காந்தேனுங்க." அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவைப் பார்த்தார், யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தி, "வந்துச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிற கேள்வி இல்லை அது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்கள் வெளியே வருகிறவர்களைக் கேட்பார்களே, அப்படி இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, இவருக்கு வந்ததில்லை, ஒருநாளும் வந்ததில்லை, பதினேழு புத்தகத்திலும் வந்தது வந்தது என்று எழுதிவிட்டு வருகிறவர்களையெல்லாம் கதவைப் பார்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொல்லவேண்டும். இவர் தயவில் உயிரோடு இருக்கிறேன். வந்துச்சுங்க ஐயா என்றேன். "பாத்தீங்களா?" "பாக்கல. வந்து நின்னது தெரிஞ்சுது." "எந்தத் திசையில?" வடக்கு என்றேன், அத்தை நின்ற பக்கம் வடக்குதான். அவர் சுவரில் இருந்த காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டார், எழுதும்போது முகம் என்னவோ பண்டிகை நாள் மாதிரி இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். நன்றியை வாயால் சொல்லவே இல்லை என்று பஸ்ஸில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தது. மறுவருஷம் அவர் இறந்த செய்தி பேப்பரில் சின்னதாக வந்தது. அயனாவரம் போன அன்றைய குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பொய் சொன்னேன் என்று எழுதினால் அவரை அவமானப்படுத்துகிற மாதிரி இருந்தது, எழுதாவிட்டால் அதுவும் பொய். தேதியும் வானமும் மட்டும் எழுதிவிட்டு மூடினேன். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பக்கம் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. பொய் எழுதாதே என்று சொல்லிக்கொடுத்தவரிடமே பொய்.

"வல்லி" என்கிறார் இவர். ரப்பர் பட்டைச் சத்தம் நின்றிருக்கிறது. சௌந்தரவல்லி என்ற பெயரை இவர் பாதியாகக் கூப்பிடத் தொடங்கியதே மகள் பிறந்த பிறகுதான். "என்னங்க" என்றேன். "அந்தப் புத்தகத்துல கண்ணுக்கு ஏதாவது சொல்லியிருக்கா?" எந்தப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை நடந்ததில்லை. "நீ மறுபடியும் மாடியில உக்காரணும்னா நான் கூட்டித் தொடைச்சுக் குடுக்குறேன்" என்றார்.   இப்போது சொல்லிவிட்டால் என்ன, கண்ணைத் திறக்கத் தேவையில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் தேவையில்லை. சொல்லிவிட்டால் அவர் பயம் போய்விடும், பயம் போனால் அந்தக் கை, எழுபது வயசுக் கை, பிரஷர் மாத்திரையைப் பிரிக்கவே நடுங்குகிற கை, அதற்கா இன்னும் பயப்படுகிறேன். ஆமாம், கொஞ்சம் பயம்தான். "அதுல ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "அன்னைக்கும் ஒண்ணும் வரல. நாப்பத்தெட்டு நாளும் சும்மாதான் உக்காந்திருந்தேன். நீங்களும் அத்தையும் பயந்தீங்கன்னு நான் வாயத் தொறக்கல."  யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள், ஒரு சக்கர நாற்காலி உருண்டு போனது. "அம்மா பயந்துச்சு" என்றார். "நான் வட்டத்துக்குப் பயப்படல. நோட்டுக்குத்தான் பயந்தேன்."  அவரே சொன்னார். "அம்மா வந்து அழுதுச்சு, மருமக சூனியம் வைக்கிறான்னு. நீ ரேஷனுக்குப் போன நேரமாப் பாத்து ஈரத்துணியோட மேல போனேன், அழிச்சுப் போடலாம்னு. நடுவுல நோட்டு இருந்துச்சு. எடுத்துப் படிச்சேன். மொதல்லேருந்து." "உள்ள போனீங்களா?" "உள்ள போனாத்தான எடுக்கமுடியும்." சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, கண்ணீரும் மருந்தும் சேர்ந்து நர்ஸ் கொடுத்திருந்த பஞ்சு நனைந்தது. அவர் சிரிக்கவில்லை. "என்னத் திட்டி எழுதியிருப்பன்னு நெனைச்சேன். திட்டியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். ஒரு எடத்துலகூடத் திட்டல. உப்பு கூடிடுச்சு, வலது கையால ரெண்டு அடி, மேற்க மேகம். இப்படியே போவுது. நாலாம் நாள், பதினொண்ணாம் நாள். என் பேருகூட இல்ல, வலது கைன்னு போட்டிருக்கு. மறுநாள் பஸ்ல டிக்கெட்ட வாங்கிப் பாக்கறப்பெல்லாம் அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சாப்பிடறப்பயும் அதுதான். இன்னைக்கு அடிச்சா இன்னைக்குச் சாயந்தரம் இது ஏறிடும், மேகம் இருந்துச்சா இல்லையான்னு சேர்த்து ஏறிடும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் கை வரல." துணியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "பிழிஞ்சு கொடியில போட்டுட்டு எறங்கி வந்துட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். எதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை.  மன்னிப்பு என்ற சொல் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. கோபம் வந்தது எனக்கு, வந்தது என்று ஒத்துக்கொள்ளவேண்டும். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஆள் என்னைக் கண்டு பயப்படுவதாக நினைத்து நான் நிமிர்ந்து நடந்திருக்கிறேன், அவரோ என் எழுத்தைப் படித்துவிட்டுத் தலை குனிந்து நடந்திருக்கிறார், இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குழம்பில். ஒரு நாள் பேசியிருந்தால் என்ன. கோபம் கொஞ்சநேரம் நின்றது, பிறகு அதற்குப் பின்னாலிருந்து அயனாவரத்துக் கிழவரின் முகம் வந்தது. வந்துச்சா என்று கேட்டாரே. வந்திருக்கிறது ஐயா, அன்றைக்கு எனக்கே தெரியாது. நான் இல்லாத நேரத்தில் கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு ஆள் வந்திருக்கிறார், அழிக்க வந்து, உட்கார்ந்து படித்துவிட்டு, வேறு ஆளாக எழுந்து போயிருக்கிறார். நீங்கள் எழுதிய எந்த விளக்கும் கண்ணாடியும் இதைச் செய்யவில்லை, அடைமொழி சேர்க்காதே என்று சொன்னீர்களே, அது செய்தது. அது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. நீங்கள் பெரிதாக நினைத்தது வேறு. வாளையும் அங்கியையும் நினைத்து உலகம் உங்களைப் பார்த்துச் சிரித்தது, சிரிக்கட்டும், எனக்கு நீங்கள் ஆறு பக்கம் எழுதினீர்கள், அதை நான் வாழ்ந்தேன், மிக்க நன்றி ஐயா. உதட்டை அசைத்தே சொன்னேன். "என்ன?" என்றார் இவர். உங்களை இல்லை என்றேன்.

"சௌந்தரவல்லி தண்டபாணி" என்று கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தால் உலகம் பாலில் நனைந்த மாதிரி இருக்கிறது, ஜன்னலும் சுவரும் ஒன்று. இவர் என் கையைப் பிடித்து வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டார், உள்ளே நோயாளி மட்டும்தான். டாக்டர் சின்ன வயசுப் பெண். "தாடைய இங்க வைங்கம்மா, நெத்திய ஒட்டிக்குங்க" என்றாள். இருட்டறை. ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் நேராக வந்து இறங்கியது, அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை, தலை தானாகப் பின்னால் போனது, பின்னாலிருந்து நர்ஸின் கை மெல்லப் பிடித்தது. "மேல பாருங்க. வலது பக்கம். கீழ." கீழே பார்த்தபோது அந்த வெளிச்சத்துக்கு நடுவில் இலையில்லாத ஒரு மரம் தெரிந்தது, கிளை கிளையாக, நுனிவரைக்கும். மரம் தெரியுதே என்றேன். "அது உங்க கண்ணோட ரத்தக்குழாய்ம்மா, அதோட நெழல்தான் உங்களுக்கே தெரியுது, சில பேருக்குத் தெரியும்" என்றாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிற கண் தன்னைத்தானே பார்ப்பதற்கு ஒரு விளக்கு போதும் போலிருக்கிறது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு கண்ணையும் பார்த்து முடித்து விளக்கை அணைத்துவிட்டு அவள் எழுதினாள், பேனா தாளில் ஓடுகிற சத்தம். "இடது கண்ணுல கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கு. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. லேசர் வைக்கணும், மூணு தடவை வரணும், சர்க்கரையைக் கண்டிப்பாக் குறைக்கணும். பார்வை போகாது." கறுப்பு? "அது கொஞ்ச நாள் மெதக்கும், அப்புறம் அடியில படிஞ்சுடும்." படிக்கலாமா, எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா" என்றாள். கும்பிட்டேன், அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சரியாகத் தெரியாமல் மேஜையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன், பரவாயில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தேன். வெளிச்சத்தில் அவர் ஒரு வெள்ளைப் புகை மாதிரி நின்றார், முகம் தெரியவில்லை. என்ன சொன்னாங்க என்றார். பார்வை போகாதாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.